தனிக்குரலும் தினசரி வேலையும்

‘கோரல் ஈவன்சாங்’ என்று ஒரு வானொலி நிகழ்ச்சி இருக்கிறது. 1926 அக்டோபர் 7 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து முதன்முறை ஒலிபரப்பானது, பி.பி.சி. ரேடியோ 3-இல் இன்னும் வாராவாரம் வருகிறது. நிலையத்துக்கு வெளியே போய் ஒலிபரப்பும் நிகழ்ச்சிகளில் பி.பி.சி.யில் இதைவிட நீண்ட ஆயுள் வேறெதற்கும் இல்லை. நிகழ்ச்சி என்கிறோமே தவிர, அதற்குரிய அலங்காரம் ஒன்றும் இதில் கிடையாது. பேராலயங்களிலும் கல்லூரி ஆலயங்களிலும் மாலையில் நடக்கும் பாட்டு ஆராதனை, அவ்வளவுதான். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர். பேட்டி இல்லை, அரட்டை இல்லை, கைதட்டல் இல்லை. எந்த ஊர், என்ன பாடல்கள் என்று தொடக்கத்தில் சொல்வார்கள். பிறகு ஒரு மணி நேரம் பாட்டும் வாசிப்பும் ஜெபமும்தான்.

இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி தவறாமல் எழும். நடுவில் மற்றக் குரல்களெல்லாம் அடங்கி, ஒரு பையனின் குரல் மட்டும் மேலே போகும். பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். நேரலை வேறு. சுருதி விலகினால் விலகியதுதான், திருத்த வழியில்லை. அந்தப் பிள்ளைக்கு எப்படிப் பயமில்லை? ‘கடவுள் தந்த வரம்’ என்று பதிலை முடித்துக்கொள்ளலாம். வரம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது பாதிப் பதில்கூட ஆகாது. மீதியைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

முதலில் ஆராதனை. இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த பிறகு, 1549-இல், கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் ஆங்கிலத்தில் ஒரு பொது ஜெபப் புத்தகம் கொண்டுவந்தார். அதுவரை மடங்களில் துறவிகள் நாளுக்குப் பல வேளை லத்தீனில் பாடி ஜெபித்தார்கள். அதில் சாயங்கால வேளையையும் படுக்கைக்கு முந்தைய வேளையையும் கிரான்மர் ஒன்றாகச் சேர்த்தார். அப்படிப் பிறந்ததுதான் ஈவன்சாங். அந்தப் புத்தகத்தின் 1662-ஆம் ஆண்டு வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

வரிசை எளிது. குருவும் பாடற்குழுவும் மாறி மாறிச் சொல்லும் சிறு ஜெபங்கள், சங்கீதங்கள், பழைய ஏற்பாட்டு வாசிப்பு, மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டு வாசிப்பு, சிமியோனின் பாட்டு, விசுவாசப் பிரமாணம், மறுபடி ஜெபங்கள், பிறகு ‘ஆந்தம்’ எனப்படும் பெரிய பாடல் ஒன்று. நம் சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆங்கிலிகன் மிஷனரிகள் தமிழில் கொண்டுவந்த ஜெபப் புத்தகம் இதே மூலத்திலிருந்து வந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், நம் ஊர்ச் சபையில் எல்லோரும் பாடுவோம். பேராலய ஈவன்சாங்கில் பெரும்பகுதியைப் பாடற்குழுவே பாடும், வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வந்தவர்கள் என்று சொன்னாலும், மழைக்கால மாலைகளில் எண்ணிவிடக்கூடிய ஆட்களே இருப்பார்கள். அதனால் பாட்டு குறைவதில்லை. சிவன் கோயிலில் சாயரட்சைப் பூசையின்போது ஓதுவார் தேவாரம் பாடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நூறு பேர் நின்றாலும் ஒருவரும் இல்லாவிட்டாலும் பாட வேண்டியது பாடியாக வேண்டும், ஏனென்றால் பாட்டு கேட்பவர்களுக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடுத்து, சங்கீதங்கள். தனிக்குரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கிரான்மரின் திட்டப்படி 150 சங்கீதங்களும் மாதத்தின் 30 நாட்களுக்கு, காலை மாலை என்று பங்கிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஒரு சுற்று. 15-ஆம் தேதி மாலைக்கு 78-ஆம் சங்கீதம் விழும். 70-க்கும் மேற்பட்ட வசனங்கள். முழுதாகப் பாடுகிற இடங்களில் அன்றைக்குச் சங்கீதத்துக்கே கால் மணி நேரம் போய்விடும்.

இவற்றுக்குத் தாளக் கட்டும் கிடையாது. ‘ஆங்கிலிகன் சான்ட்’ என்று ஒரு முறை. ஒற்றைச் சான்ட்டில் பத்தே சுரங்கள். வசனத்தின் பெரும்பகுதியை முதல் சுரத்திலேயே பேச்சு நடையில் சொல்லிக்கொண்டு போய், கடைசிச் சில அசைகளில் மட்டும் மெட்டை நகர்த்த வேண்டும். வசனம் நீண்டால் அந்த முதல் சுரமும் நீளும். இருபது, முப்பது பேர், தாளம் எண்ணாமல், ஒரே வாயால் பேசுவதைப் போல ஒவ்வோர் அசையையும் ஒரே கணத்தில் உச்சரிக்க வேண்டும். இது ஒத்திகையில் மட்டும் வந்துவிடாது. பக்கத்தில் நிற்பவன் எங்கே மூச்செடுக்கிறான் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து பாடுவதன் இலக்கணத்தை ஒரு பையன் கற்றுக்கொள்வது இங்கேதான்.

யார் அந்தப் பையன்கள்? ‘கொயர்’ எனப்படும் பாடற்குழு இரண்டு பக்கமாகப் பிரிந்து, எதிரெதிர் வரிசைகளில் முகம் பார்த்து நிற்கும். தெற்குப் பக்கத்துக்கு ‘டெக்கனை’ என்று பெயர், வடக்குப் பக்கத்துக்கு ‘கன்டோரிஸ்’. சங்கீத வசனங்களை இரு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்கும். ஆல்ட்டோ, டெனர், பேஸ் பாடுகிறவர்கள் வளர்ந்தவர்கள். பேராலயங்களில் சம்பளத்துக்குப் பாடும் தொழில்முறைப் பாடகர்கள், கல்லூரி ஆலயங்களில் பெரும்பாலும் மாணவர்கள். மேல் குரலான ‘டிரெபிள்’ பிள்ளைகளுக்கு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இப்படி 16 பையன்கள்.

பிள்ளைகள் ஏழு, எட்டு வயதில் குரல் தேர்வு மூலம் சேர்கிறார்கள். பேராலயத்தையொட்டிய பள்ளியிலேயே படிப்பு. கட்டணத்தில் ஒரு பகுதியை ஆலய அறக்கட்டளை ஏற்கும். சில இடங்களில் விடுதியிலேயே தங்கல். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பள்ளி பாடகப் பையன்களுக்கென்றே நடத்தப்பட்டு வந்த பள்ளி. முதல் ஓராண்டு போல ‘புரோபேஷனர்’, அதாவது பயிற்சிப் பிள்ளை. இரண்டு மூத்த பையன்களுக்கு நடுவில் நிற்க வைப்பார்கள். எப்போது பக்கம் புரட்டுவது, எங்கே எழுவது, எந்த இடத்தில் நடத்துனரைப் பார்ப்பது எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே கற்க வேண்டும். தேறியதும் முழுப் பாடகனாகச் சேர்த்துக்கொள்வார்கள். சால்ஸ்பரி பேராலயத்தில் அதற்கு ஒரு வேடிக்கையான சடங்கு உண்டு: மூத்த பையன்கள் புதியவனின் தலையை ஒரு கல்லில் மெதுவாக முட்டுவார்கள்.

பள்ளிக்கு முன் காலையில் பயிற்சி. பிறகு கணக்கும் அறிவியலும் கால்பந்தும். பள்ளி முடிந்ததும் மறுபடி ஒத்திகை, உடனே ஆராதனை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை. ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பும்போது இவர்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ் நாள் ஆராதனை முடிந்தால்தான் வீடு. ஒவ்வொரு மாலையும் வேறு சங்கீதம், வேறு இசையமைப்பு, வேறு ஆந்தம். பார்த்தவுடன் சுரம் படித்துப் பாடும் திறமை இல்லாமல் இந்த வண்டி ஓடாது. பன்னிரண்டு வயதில் ஒரு பையன் 16-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் தாலிஸிலிருந்து நேற்று எழுதிய பாட்டு வரை பாடிப் பார்த்திருப்பான்.

இப்போது குரலுக்கு வருவோம். பருவம் வருமுன் பையன்களின் குரல்வளை சிறியது, குரல் நாண்கள் குட்டையானவை. பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. அதைத்தான் குரல் உடைவது என்கிறோம். அதற்குச் சற்று முந்தைய காலம் விசேஷமானது. நாண்கள் இன்னும் பழைய அளவில் இருக்கும். நெஞ்சும் நுரையீரலும் மட்டும் வளர்ந்திருக்கும். மூச்சு பெரியது, குரல் சின்னது. ஐந்தாறு ஆண்டுப் பயிற்சியும் கூடவே சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு டிரெபிள் குரல் முழுமை பெறுவதும் முடிவுக்கு வருவதும் பெரும்பாலும் ஒரே ஆண்டில்தான்.

அந்த ஆண்டு முன்னெல்லாம் தாமதமாக வந்தது. பாஹ் லைப்சிக்கில் பாடற்குழு நடத்திய 18-ஆம் நூற்றாண்டில் 16, 17 வயதுப் பையன்களும் மேல் குரல் பாடினார்கள். இன்று பேராலயப் பையன்கள் 13 வயதில் பள்ளியோடு சேர்த்துப் பாடற்குழுவையும் விட்டுப் போகிறார்கள். சிலருக்கு அதற்கு முன்பே குரல் மாறிவிடுகிறது. பாடற்குழு நடத்துனருக்கு இதனால் ஒரு நிரந்தர நெருக்கடி. ஒவ்வொரு கோடையிலும் தம்முடைய சிறந்த குரல்களை இழந்துவிட்டு, செப்டம்பரில் குட்டிப் பிள்ளைகளோடு அவர் மறுபடி தொடங்கியாக வேண்டும்.

குரலின் நிறத்திலும் எல்லா இடமும் ஒன்றல்ல. கிங்ஸ் கல்லூரிப் பாணி என்றால் அதிர்வில்லாமல், பளிங்குபோல் நேராகப் போகும் குரல். லண்டனில் கத்தோலிக்கர்களின் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடத்துனர் ஜார்ஜ் மால்கம் வளர்த்தது வேறு பாணி. ஐரோப்பியக் கண்டத்துப் பையன்களைப் போல நெஞ்சிலிருந்து வரும், கொஞ்சம் காரமான குரல். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அந்தக் குரலில் மயங்கி, 1959-இல் அந்தப் பையன்களுக்காகவே ‘மிஸா பிரெவிஸ்’ எழுதினார். ஆகவே டிரெபிள் என்றாலே தேவதைக் குரல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. அதிலும் கட்டை, கனம், கூர்மை எல்லாம் உண்டு.

தனிக்குரல் புகழ் பெற்ற கதை 1927-இல் தொடங்குகிறது. லண்டனில் வழக்கறிஞர்களின் ஆலயமான டெம்பிள் சர்ச்சில், எர்னஸ்ட் லாஃப் என்ற பையன், மென்டல்சோனின் ‘ஹியர் மை பிரேயர்’ பாடலைத் தனிக்குரலாகப் பாடினான். ஆர்கன் வாசித்து நடத்தியவர் ஜார்ஜ் தால்பன்-பால். எச்.எம்.வி. நிறுவனம் ஒலிப்பதிவு வண்டியை ஆலயத்துக்கே கொண்டுவந்து பதிவு செய்தது. இசைத்தட்டு விற்ற வேகத்தில் மூல அச்சே தேய்ந்துபோய், 1928-இல் அதே பையனை வைத்து மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. விற்பனை நாளடைவில் பத்து லட்சத்தைத் தாண்டியது. முதல் பதிவின்போது லாஃபுக்கு வயது 15. இன்றைய கணக்கில் அந்த வயதில் டிரெபிள் பாடுவதே அபூர்வம்.

குரலின் ஆயுளைக் காட்ட இன்னொரு கதை. 1982-இல் வந்த ‘தி ஸ்னோமேன்’ படத்தில் ‘வாக்கிங் இன் தி ஏர்’ பாட்டைப் பாடியது செயின்ட் பால்ஸ் பேராலயப் பாடகப் பையன் பீட்டர் ஆட்டி. படத்தில் பெயர் போடவில்லை. 1985-இல் அதே பாட்டைத் தனி இசைத்தட்டாகக் கொண்டுவர நினைத்தபோது ஆட்டியின் குரல் உடைந்துவிட்டிருந்தது. வேல்ஸில் பாங்கர் பேராலயத்தின் ஆலெட் ஜோன்ஸ் பாடினான். பாட்டு அவன் பெயரிலேயே நிலைத்துவிட்டது. ஆட்டி பின்னர் ஆபரா டெனராக வளர்ந்தார், ஜோன்ஸ் ஒலிபரப்பாளரானார். மூன்றே ஆண்டு இடைவெளி, ஒருவர் போய் இன்னொருவர் வந்துவிட்டார்.

சரி, ஆராதனையில் தனிக்குரலுக்கு எங்கே இடம்? தினமும் இருக்காது. சில இசையமைப்புகளில் மட்டும். இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி மேஜரில் எழுதிய மரியாளின் பாட்டு அவற்றில் தலையானது. அதில் ஆர்கன் சக்கரம் சுற்றுவதைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். ராட்டையில் நூல் நூற்றபடி இளம் மரியாள் பாடுவதாகச் சொல்வார்கள். அந்த ஓட்டத்தின் மேல் டிரெபிள் குரல் தொடக்கத்திலேயே தனியாக நுழைய வேண்டும். குரலைச் சூடேற்றிக்கொள்ள அவகாசமே இல்லை. அடுத்து வரும் சிமியோனின் பாட்டில் தனிக்குரல் பேஸ் பாடகருக்கு. சின்னஞ்சிறு பெண்ணின் வார்த்தைகளைப் பையனும், சாகும் தறுவாயில் இருக்கும் கிழவரின் வார்த்தைகளைப் பெரியவரும் பாடுகிறார்கள்.

தவக்காலத்துக்கு அலெக்ரியின் ‘மிசரேரே’. 17-ஆம் நூற்றாண்டில் ரோமின் சிஸ்டைன் ஆலயத்துக்காக எழுதப்பட்டது. இன்று பாடும் வடிவத்தில் தனிக்குரல் மேல் ஸ்தாயி ‘சி’ வரை ஐந்து முறை ஏற வேண்டும். அந்த உச்ச சுரம் அலெக்ரி எழுதியதே அல்ல. பிற்காலத்தில் பிரதிகள் கலந்ததில் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, உலகம் அதற்காகத்தான் அந்தப் பாட்டைக் கேட்கிறது. 1963-இல் டேவிட் வில்காக்ஸ் நடத்திய கிங்ஸ் கல்லூரிப் பதிவில் அதைப் பாடியது 12 வயது ராய் குட்மன். ரக்பி மைதானத்திலிருந்து நேராக, சேறு ஒட்டிய முட்டியோடு வந்து பாடினான் என்பார்கள். பிறகு அவர் வயலின் கலைஞராகவும் இசை நடத்துனராகவும் பேரெடுத்தார். கேம்பிரிட்ஜின் இன்னொரு கல்லூரியான செயின்ட் ஜான்ஸிலிருந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நடக்கும் ஈவன்சாங்கை 1972 முதல் பி.பி.சி. ஆண்டுதோறும் ஒலிபரப்பி வருகிறது. அலெக்ரியின் உச்ச சுரத்துக்காகக் காத்திருக்கிற நேயர்கள் அன்றைக்கு அதிகம்.

ஒலிபரப்பு வாரத்தில் என்ன நடக்கும்? பி.பி.சி. வண்டி வெளியே வந்து நிற்கும், வடங்கள் உள்ளே நீளும். பாடகர் வரிசைக்கு மேலே மைக்குகள். சொற்கள் தெளிவாகக் கேட்க அருகில் சில, கட்டடத்தின் முழக்கம் கேட்கத் தள்ளிச் சில. தனியாகப் பாடுகிறவன் சினிமாப் பாடகரைப் போல ஒரு மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு நிற்கமாட்டான். பெரும்பாலும் தன் வழக்கமான இடத்திலிருந்தே பாடுவான். மூச்சொலிகூடத் தெளிவாகக் கேட்கிற மைக்கும், பாட்டை வாங்கி நெடுநேரம் சுற்றவிடும் கட்டடமும் ஒரே நேரத்தில் அவனுக்கு எதிரே இருக்கும். செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் ஒரு சுரம் அடங்க ஏறத்தாழ 9 விநாடி ஆகும். அங்கே வேகமாகப் பாடினால் ஒரு வார்த்தையின் மேல் இன்னொன்று ஏறிக் குழம்பிவிடும்.

ஆர்கன் இன்னொரு சிக்கல். வாசிக்கிறவர் மாடத்தில் இருப்பார். பாடகர்களை நேராகப் பார்க்க முடியாது. கேமரா வைத்து, நடத்துனரின் கையைச் சிறு திரையில் பார்த்தே வாசிப்பார். குழாயின் ஒலி கீழே வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், தன் காதில் விழுவதை நம்பாமல் கையசைவை மட்டும் நம்ப வேண்டும். கடிகாரமும் ஒரு முதலாளி. வாசிப்பு எத்தனை நிமிடம், சங்கீதம் எத்தனை நிமிடம் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார். முன்பின் ஆனால் கடைசி ஆர்கன் வாசிப்புதான் அதைத் தாங்கிக்கொள்ளும்.

நேரம் நெருங்கும்போது கட்டடம் முழுக்க அமைதி. விளக்குச் சமிக்ஞை வந்ததும் பாட்டு. எல்லா வாரமும் நேரலை அல்ல, சில வாரங்கள் முன்பதிவும் உண்டு. நேரலையாக இருக்கும் வாரத்திலும் பையன்களுக்கு அது ஒரு மாலை ஆராதனைதான். நேற்றும் இதே இடத்தில் நின்றார்கள், நாளையும் நிற்பார்கள். ஒத்திகை கூடுதல், உடை கொஞ்சம் சுத்தம், பெற்றோர் வந்திருப்பார்கள். மற்றபடி வரிசை அதே வரிசை.

தனியாகப் பாடப்போகிறவனைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்த அன்றாட வேலைப் புத்தி தெரியும். ஒருவனை மட்டும் தயார் செய்வது முட்டாள்தனம். சளி பிடிக்கலாம், ஒரே வாரத்தில் குரல் கரகரக்கலாம். ஆகவே இரண்டு மூன்று பேர் அந்தப் பகுதியைப் படித்து வைத்திருப்பார்கள். கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் ஆராதனையில் இதை ஓர் உத்தியாகவே செய்துவிட்டார்கள். ஒன்பது வாசகங்களும் கரோல்களும் கொண்ட அந்த ஆராதனை 1918-இல் தொடங்கியது. 1928 முதல், 1930 ஒன்றைத் தவிர, ஆண்டுதோறும் ஒலிபரப்பாகிறது. இரண்டாம் உலகப்போரில் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, குளிரில் நின்று பாடினார்கள். பாதுகாப்புக்காகக் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் ஒலிபரப்பினார்கள். 1919 முதல் அது ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ பாட்டோடுதான் தொடங்குகிறது. முதல் பாடல்வரிகளை ஒரு பையன், துணைக்கு ஆர்கன்கூட இல்லாமல், தனியாகப் பாட வேண்டும். அங்கே மதியம் 3 மணி, நமக்கு இரவு எட்டரை, பி.பி.சி. உலக சேவை வழியாகப் பல நாடுகளில் கேட்பார்கள்.

யார் அந்தப் பையன்? 1982 முதல் 2019 வரை அங்கே நடத்துனராக இருந்த ஸ்டீபன் கிளியோபரி அதைக் கடைசிக் கணம் வரை சொல்லமாட்டார். சிலரைத் தயார் செய்து வைத்திருப்பார். ஒலிபரப்பு தொடங்கும் தருணத்தில் ஒருவனைப் பார்த்துக் கை காட்டுவார், அவன் பாடுவான். முந்தின இரவு தூக்கம் கெட்டுக் கவலைப்பட யாருக்கும் வாய்ப்பில்லை. முதல் பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றும். உண்மையில் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான். அதைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. கை யாரைக் காட்டினாலும் பாட்டு நிற்காது என்ற உறுதி அவருக்கு இருந்தது. அந்த உறுதி வந்த இடம் கிறிஸ்துமஸ் ஒத்திகை அல்ல, ஆண்டு முழுக்க மாலை மாலையாகப் பாடிய சங்கீதங்கள்.

இவ்வளவு நேரம் பையன் பையன் என்றே சொல்லிவிட்டேன். நிலைமை மாறி வருகிறது. 1991-இல் சால்ஸ்பரி பேராலயம் பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பாடற்குழு தொடங்கியது. மரபு கெட்டுவிடும் என்று அப்போது பலத்த எதிர்ப்பு. பிறகு ஒவ்வொரு பேராலயமாக வழி திறந்தது. ஈலி பேராலயத்தில் 2006 முதல் 13 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பெண்கள் பாடுகிறார்கள். பெண் குரல் பருவத்தில் பையன்களின் குரலைப் போல முறிந்துவிடாததால் இது கூடிவருகிறது. கான்டர்பரி 2014-இலும், கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் 2022-இலும் பெண்பிள்ளைகளைச் சேர்த்தன. பையன் குரலுக்கென்று தனி நிறம் உண்டா, கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சங்கீதத்தை ஒரே வாயாகச் சொல்லப் பழகிய பிள்ளை யாராக இருந்தாலும் தனிக்குரல் பாடும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

இந்த அமைப்பு அசைக்க முடியாதது என்று நினைத்துவிட வேண்டாம். 1970-இல் ஈவன்சாங் ஒலிபரப்பை மாதம் ஒருமுறையாகக் குறைத்தார்கள். கடிதங்கள் குவிந்ததும் வாராவாரம் திரும்ப வந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது பாடற்குழுக்கள் அடங்கின. வானொலி பழைய பதிவுகளைத் தேடி எடுத்துப் போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஷெஃபீல்டு பேராலயம் தன் பாடற்குழுவைக் கலைத்துவிட்டு வேறு முறையில் தொடங்கப்போவதாக அறிவித்தது. பெரியவர்களுக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, ஆர்கன் பராமரிப்பு என்று செலவு பெரிது. வரவு சுற்றுலாப் பயணிகளையும் நன்கொடையையும் நம்பியிருக்கிறது. அது குறையும்போதெல்லாம் முதலில் கை வைக்கத் தோன்றுவது இந்தத் தினசரி மாலைகள் மேல்தான். நாற்பது பேர்கூட வராத செவ்வாய்க்கிழமைக்கு எதற்கு இத்தனை பேர் என்ற கேள்வி வரும்.

கேள்விக்குப் பதில் மேலே சொன்னதிலேயே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கும் ஒலிபரப்புக்கும் மட்டும் கூடும் குழுவால் திறமையான ஒரு பையனைக் கண்டுபிடித்து ஒருமுறை பாட வைக்க முடியும். குரல் உடைந்ததும் அவனோடு எல்லாம் முடிந்துபோகும். ஆட்கள் வராத செவ்வாய்க்கிழமையும் பாடுகிற குழுவில், ஒருவன் போகும்போது அவன் பக்கத்தில் மூன்று ஆண்டாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் தயாராக இருப்பான். நேரலையில் அந்தப் பிள்ளைக்குப் பயமில்லாததன் காரணமும் அதுதான்: அவன் தனியாகப் பாடுவது ஒரு நிமிடம், சேர்ந்து பாடியது ஐந்தாறு ஆண்டு. தனிக்குரல் வேண்டுமென்றால் தினசரிப் பாட்டைக் காப்பாற்ற வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பல பேராலயங்களும் கல்லூரி ஆலயங்களும் தங்கள் மாலை ஆராதனையை இணையத்திலேயே நேரலையாகத் தருகின்றன. உச்ச சுரம் எங்கே வருகிறது என்று தேடி ஓட்டிப் பார்க்காதீர்கள். அன்றைய சங்கீதத்தைத் தமிழ் வேதாகமத்தில் திறந்து வைத்துக்கொண்டு, முதல் கால் மணி நேரத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அது பிடித்துவிட்டால் மீதி தானாகப் பிடித்துவிடும்.